நிகழ்தகவு வகுப்பில் வெள்ளக் காப்பீடு

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் என்றால் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு ஆகிய மூன்றோடு பெரும்பாலும் நாம் நின்றுவிடுகிறோம். மாணவர்களும் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். ஆனால் பகடையில் ஆறு விழ வாய்ப்பு 1/6 என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று எந்த மாணவராவது கேட்டால் நம்மிடம் உடனடியாக விடை இருப்பதில்லை. தாமிரபரணி கடலை நெருங்கும் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்த விடையை நான் வெளியே தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வகுப்பறையின் சுவரிலேயே நீர் நின்ற கோடு இருந்தது.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி அனைவரும் அறிவோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெளியேற வழியின்றி நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பாடத்துக்குத் தேவையான செய்தி ஒன்று இதில் உண்டு: மூழ்கியவை ஆற்றங்கரை வீடுகள் மட்டுமல்ல. கோரம்பள்ளம் குளம் போலப் பல குளங்கள் உடைந்ததால், ஆற்றைக் கண்ணால் பார்க்காத தெருக்களிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ‘நம்ம வீடு மேடு’ என்று நம்பியிருந்தவர்கள் பலர் அன்று மொட்டை மாடியில்தான் இருந்தார்கள்.

பள்ளி திறந்து சில நாள்களில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்திருந்தார். வாடகை வீட்டில் இருப்பவர், தையல் தொழில் செய்பவர். மகளிர் சுயஉதவிக் குழுக் கடனில் வாங்கிய மோட்டார் வைத்த தையல் இயந்திரம், தைக்க வந்திருந்த துணிகள், குளிர்சாதனப் பெட்டி, பீரோ எல்லாம் சேற்றில் போயிருந்தன. வீட்டு உரிமையாளர் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார். பொருளுக்கு அவர் பொறுப்பல்ல, பொறுப்பேற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அரசு குடும்ப அட்டைக்கு வழங்கிய 6,000 ரூபாய் வந்தது. அது பாத்திரத்துக்கும் பாய்க்கும் அரிசிக்கும் ஆனது. “குழுவுல கேட்டுப் பாக்கலாம்ல அக்கா?” என்று நான் கேட்டேன். “குழுவுல பன்னெண்டு பேரு டீச்சர். பன்னெண்டு பேரு வீட்லயும் தண்ணி. யாரு யாருக்குக் குடுக்க?” என்றார்.

அவர் கேட்டது கணிதக் கேள்வி. காப்பீடு என்ற ஏற்பாடு ஏன் உண்டாயிற்று என்பதற்கான முழு விளக்கமும் அதற்குள் இருக்கிறது. நம்மிடம் இழப்பைப் பகிரும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. சீட்டு இருக்கிறது, மொய் இருக்கிறது, கைமாற்று இருக்கிறது, குழுச் சேமிப்பு இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால், இவை எல்லாம் கைகொடுக்கும். வெள்ளத்தின்போது மட்டும் ஏன் இவை ஒரே இரவில் செயலற்றுப் போகின்றன? இந்தக் கேள்வியை வைத்து அடுத்த கல்வியாண்டில் நிகழ்தகவுப் பாடத்துக்கு ஒரு செயல்பாடு தயாரித்தேன். இரண்டு பாடவேளை போதும். தேவையான பொருள்கள்: பெஞ்சுக்கு இரண்டு பகடை, ஒரு மண்பானை, ஒரு பை நிறையப் புளியங்கொட்டை.

என் வகுப்பில் 36 பேர். ஒவ்வொருவரும் ஒரு வீடு. ஒவ்வொருவர் கையிலும் 20 புளியங்கொட்டை, அதுதான் சேமிப்பு. இரண்டு பகடைகளை ஒருமுறை உருட்டுவது ஓர் ஆண்டு. இரண்டிலும் ஆறு விழுந்தால் அந்த வீட்டுக்கு ஆபத்து வந்ததாகப் பொருள், 30 கொட்டை நட்டம். கூறுவெளியைக் கட்டம் போட்டு எழுதச் சொன்னால் 36 கட்டங்களில் (6,6) ஒரே ஒரு கட்டம் என்பதை மாணவர்களே கண்டு சொல்லிவிடுவார்கள். ஆக, வாய்ப்பு 1/36.

முதல் சுற்றில் அவரவர் பகடையை அவரவர் உருட்டினார்கள். இது தீ விபத்து போன்றது, ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டைச் சாராது. பத்து ஆண்டுகள் ஓடின. மொத்தம் ஒன்பது முறை ஆபத்து வந்தது. ஒரு மாணவிக்கு இரண்டு முறை. “ரெண்டு தடவையும் எனக்கேவா டீச்சர்?” என்று சலித்துக்கொண்டாள். (ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்று எந்தப் பகடைக்கும் தெரியாது. அந்தக் கருத்தை விளக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.) பானை இல்லாத நிலையில் கணக்குப் பார்த்தோம். எட்டு வீடுகள் கடனில், இருபத்தெட்டு வீடுகளில் 20 கொட்டையும் அப்படியே.

பிறகு அதே பத்து ஆண்டுகளைப் பானையோடு திரும்பப் பார்த்தோம். ஆண்டுக்கு ஒரு கொட்டை பானைக்குள் போட வேண்டும், நட்டம் வந்தவருக்குப் பானை 30 கொட்டை கொடுக்கும். முதல் ஆண்டு யாருக்கும் விழவில்லை, பானையில் 36. இரண்டாம் ஆண்டு ஒருவருக்கு, மிச்சம் 42. மூன்றாம் ஆண்டு இருவருக்கு ஒன்றாக விழுந்தது, பானையில் 18தான் மிஞ்சியது. வகுப்பே எட்டிப் பார்த்தது. பத்தாம் ஆண்டு முடிவில் வந்தது 360, கொடுத்தது 270, இருப்பு 90. எல்லார் கையிலும் 10 கொட்டை இருந்தது. யாரும் கடனில் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பாடம் அழகாக முடிந்துவிடும். பல நூல்களில் காப்பீட்டை இவ்வளவோடுதான் விளக்குகிறார்கள். ஆனால் அது வெள்ளத்துக்குப் பொருந்தாது.

இரண்டாம் சுற்றில் பகடையை நான் மட்டும் உருட்டினேன். நான்தான் ஆறு, 36 வீடுகளும் ஒரே தெரு. (6,6) விழுந்தால் எல்லா வீட்டுக்கும் 30 கொட்டை நட்டம். மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு கொட்டை பானையில் போட்டுக்கொண்டே வந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. பானை கனத்தது, பயல்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. பதினான்காம் ஆண்டு விழுந்தது. பானையில் இருந்தது 14 × 36 = 504. தேவை 36 × 30 = 1,080. “எல்லாருக்கும் விழுந்துட்டுல்லா டீச்சர், அப்ப யாரு குடுப்பா?” என்று ஒருவன் கேட்டான். இருப்பதைப் பங்கு போடச் சொன்னேன். ஆளுக்கு 14 வந்தது. ஒவ்வொருவரும் தான் போட்டதைத்தான் திரும்ப எடுத்தார்கள்! அதாவது, எல்லாரும் ஒன்றாக மூழ்கும்போது பொதுப் பானை என்பது அவரவர் வீட்டு உண்டியலுக்கு மேல் ஒரு கொட்டையும் தராது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நடந்தது இதுதான்.

மூன்றாம் சுற்றுக்கு 36 வகுப்புகள் வேண்டும், அதற்கு எங்கே போவது? எனவே ஒவ்வொரு மாணவரையும் 36 வீடுகள் கொண்ட ஓர் ஊராக வைத்துக்கொண்டு, கொட்டைக்குப் பதில் கரும்பலகையில் அட்டவணை போட்டோம். ஊருக்கு ஒரு பகடை உருட்டல். ஆண்டுக்கு வரவு 36 × 36 = 1,296. சராசரியாக ஆண்டுக்கு ஓர் ஊர் மூழ்கும், அதற்குச் செலவு 1,080. மீதி 216. வீட்டுக்கு வீடு போடும் தொகை அதே ஒரு கொட்டைதான். மாறியது ஒன்றே ஒன்று, பானையில் சேர்பவர்கள் ஒரே தண்ணீரில் நிற்பவர்கள் இல்லை. ஏரல்காரரின் நட்டத்தை ஓசூர்க்காரரும் நாக்பூர்க்காரரும் சேர்ந்து தாங்குகிறார்கள். அவர்கள் ஊரில் வெள்ளம் வரும்போது ஏரல்காரரின் கொட்டை அங்கே போகும். முகம் தெரியாதவர்களோடு கூட்டுச் சேர்வதுதான் வெள்ளக் காப்பீட்டின் பலம். உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளும் செய்ய முடியாத காரியம் இது.

இதற்கும் மேலே ஒரு கேள்வி வரும், என் வகுப்பில் வந்தது. “ஒரே வருசத்துல அஞ்சாறு ஊரு மூழ்கினா?” அப்படி ஒரு நிலைக்காகக் காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்கு ஒரு காப்பீடு எடுத்துக்கொள்கின்றன, அதற்கு மறுகாப்பீடு என்று பெயர். இந்தியாவில் ஜி.ஐ.சி. ரீ என்ற பொதுத்துறை நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. பானைக்கு ஒரு பெரிய பானை என்று சொன்னால் மாணவர்களுக்குப் போதும்.

அடுத்து, ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்ற சொல். செய்தித்தாளில் இதைப் படிக்கும் பெரியவர்கள், ‘வந்துவிட்டது, இனி நம் காலத்தில் இல்லை’ என்று முடிவு செய்துகொள்கிறார்கள். பொறியாளர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது, எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1% வாய்ப்பு என்பதைத்தான். கணக்கை மாணவர்களிடம் விட்டேன். ஓராண்டு வராமலிருக்க வாய்ப்பு 0.99. இரண்டு ஆண்டும் வராமலிருக்க 0.99 × 0.99. முப்பது ஆண்டுக்கு 0.99-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், கிடைப்பது சுமார் 0.74. எனவே ஒருமுறையாவது வர வாய்ப்பு 26%. ஒருவர் வீடு கட்டி அதில் முப்பது ஆண்டு வாழ்வது சாதாரணம். அந்தக் காலத்துக்குள் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. பத்தாண்டு வாடகைக்கு இருப்பவருக்கே சுமார் 9.6%. தாமிரபரணியில் 1992 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் 2023-ஐயும் பார்த்தார்கள். இதை வைத்து எங்கள் ஆற்றுக்கு இவ்வளவு சதவீதம் என்று சொல்லிவிட முடியாது, இரண்டு நிகழ்வுகளில் நிகழ்தகவு காண்பது பிழை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன்.

செயல்பாடு நடந்த அன்று ஆசிரியர் அறையிலும் பேச்சு இதுவாகவே இருந்தது. எங்கள் தமிழாசிரியர் ஐயா நேராகக் கேட்டார். “கட்டுன காசு திரும்பி வருமா டீச்சர்? எல்.ஐ.சி.ன்னா முதிர்வுத் தொகை உண்டு. இதுல வெள்ளம் வரலைன்னா போனது போனதுதானே?”

அவர் சொன்னது உண்மை, திரும்பி வராது. ஆயுள் காப்பீட்டைச் சேமிப்பாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம், மணியார்டர் கமிஷன் போலப் போய்விடும் பணத்தை ஏற்க மனம் வருவதில்லை. ஆனால் இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுதோறும் கட்டுகிறோமே, அதுவும் திரும்பி வருவதில்லை. சட்டம் கேட்பதால் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஐயாவிடம் நான் கேட்டது வேறு. “உங்க வீட்டைத் திரும்பக் கட்டவோ, உள்ள இருக்கிற சாமானைத் திரும்ப வாங்கவோ கையில பணம் இருக்கா?” இருக்கிறது என்றால் காப்பீடு தேவையில்லை. இல்லை என்றால் யோசிக்க வேண்டும். முதல் மாடிக்கு மேல் குடியிருப்பவர், பொருள் அதிகம் இல்லாதவர் ஆகியோருக்கு இதில் அவசரம் ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. தரைத்தளத்தில் சொந்த வீடு வைத்து, அதன் மேல் கடனும் வைத்திருப்பவருக்கு நிச்சயம் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் வீடு கட்டும் முன்பண விதிகளில், வீட்டைத் தீ, வெள்ளம், மின்னல் ஆகியவற்றுக்கு எதிராகக் காப்பீடு செய்ய வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. கடன் கொடுப்பவர் தம் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுகிறார். நம் பணமும் அதே வீட்டில்தானே இருக்கிறது?

வங்கிக் கடனில் வீடு கட்டிய ஆசிரியர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கடன் கோப்பில் காப்பீட்டுத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா, கட்டடத்துக்கு மட்டுமா அல்லது உள்ளிருக்கும் பொருளுக்கும் சேர்த்தா? கடனை அடைத்து முடித்த பிறகு அந்தப் பாலிசியைப் பலர் தொடர்வதே இல்லை. கடன் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது போல!

வீட்டுக் காப்பீடு இப்போது முன்பு போலக் குழப்பமானதாக இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியைக் கொண்டுவந்தது. தீக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இதை ஒரே விதிகளோடு தர வேண்டும். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களிலும் கிடைக்கும், தனியார் நிறுவனங்களிலும் கிடைக்கும். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு என இவை எல்லாம் ஒரே பாலிசிக்குள் அடங்கும். வெள்ளத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நிகழ்வு நடந்த ஏழு நாளுக்குள் வீட்டில் நடக்கும் திருட்டும் இதில் சேரும். தண்ணீருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால், பழுது பார்க்கும் காலத்துக்கு வாடகை இழப்போ மாற்று இடத்து வாடகையோ கிடைக்கவும் வழி உண்டு.

காப்பீட்டுத் தொகை என்பது கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் சேராது, மனையை வெள்ளம் கொண்டு போவதில்லை. பலர் சந்தை விலையைச் சொல்லிப் பிரீமியத்தைத் தேவையில்லாமல் கூட்டிக்கொள்கிறார்கள், அல்லது அந்த விலையைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிடுகிறார்கள். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20% தானாகவே சேர்ந்துவிடும். பட்டியல் கொடுக்க வேண்டாம், ஆனால் உச்சவரம்பு 10 இலட்சம் ரூபாய். நகை போன்ற விலைமதிப்புள்ள பொருளுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

விகிதசமத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டும் இதில் கிடைக்கிறது. முன்பு, 20 இலட்சம் மதிப்புள்ள வீட்டை 10 இலட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 4 இலட்சம் நட்டம் வந்தால், பாதிக்குத்தானே காப்பீடு செய்தாய் என்று 2 இலட்சம்தான் தருவார்கள். குறைகாப்பீடு என்று அதற்குப் பெயர். கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு நீக்கப்பட்டுவிட்டது. காப்பீட்டுத் தொகைக்குள் இருக்கும் நட்டம் முழுவதும் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்துபவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போடச் சொல்லலாம்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் அப்படித்தான் இருக்கிறோம். மாறுதல் கலந்தாய்வில் கிடைத்த ஊரில் ஒரு தரைத்தள வீடு, அதில் துவைக்கும் இயந்திரம், இன்வெர்ட்டர், கட்டில், மெத்தை, பிள்ளைகளின் கணினி. வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருந்தாலும் அது அவருடைய சுவருக்கும் கூரைக்கும்தான், நம் மெத்தைக்கு இல்லை. கட்டடத்தை விட்டு, வீட்டுப் பொருளுக்கு மட்டும் கிருஹ ரக்ஷா எடுக்கலாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. முகவர்களும் சிறிய பிரீமியம் என்பதால் எடுத்துச் சொல்வதில்லை, கிளை அலுவலகத்துக்குப் போய் நாமாகத்தான் கேட்க வேண்டும். நான் வாடகை வீட்டில் இருந்தபோது எடுத்த பாலிசிக்கு விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருந்தது, என்னென்ன பொருள், என்ன மதிப்பு என்பது மட்டும்தான். எழுதி முடித்தபோதுதான் நம் வீட்டுக்குள் இவ்வளவு பணம் இருக்கிறதா என்று வியப்பாக இருந்தது.

தையல் இயந்திரத்துக்கு வருவோம். அந்த அம்மா வீட்டுப் பொருள் பாலிசி எடுத்திருந்தாலும் இயந்திரத்துக்கு இழப்பீடு கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான். வீட்டுப் பாலிசி வீட்டு உபயோகத்துக்கான பொருளுக்கே. தொழில் கருவிக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று சிறு தொழில்களுக்கான பாலிசி இருக்கிறது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர், தறி வைத்திருப்பவர், டியூஷன் நடத்துபவர் என யாராக இருந்தாலும் பாலிசி எடுக்கும்போதே, ‘வீட்டில் இந்தத் தொழில் நடக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே காரணமாகிவிடும். வாகனங்களும் வீட்டுப் பாலிசியில் வராது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு வெள்ளத்தில் ஒன்றும் கிடைக்காது. விரிவான பாலிசி வைத்திருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கி எஞ்சின் பழுதானால், எஞ்சினுக்கெனக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திராதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஓதம் ஏறிச் சுவர் உதிர்வது போன்ற நாள்பட்ட சேதமும் வெள்ளச் சேதம் ஆகாது.

தண்ணீர் வடிந்ததும் நம் கை முதலில் துடைப்பத்தைத்தான் தேடும். அதற்கு முன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க வேண்டும், சுவரில் நீர் நின்ற கோடு, கவிழ்ந்து கிடக்கும் பொருள்கள், அவற்றின் எண் பொறித்த தகடு. நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுத்து, உரிமை கோரல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை சேதமான பொருளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. உணவு, அழுகிய மெத்தை போல வைத்திருக்க முடியாதவற்றைப் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம். ரசீதுகளைக் காகிதமாக வைத்திருந்தால் அவையும் பீரோவோடு நனைந்துவிடும், படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வைப்பது நல்லது. கோரிக்கையை மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். பிறகு 155255 என்ற எண்ணில் ஆணையத்திடம் முறையிடலாம். அதற்கும் மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். மழை எச்சரிக்கை வந்த பிறகு பாலிசிக்கு ஓடுவதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், காலாண்டு விடுமுறைக்குள் முடித்துக்கொள்வது நமக்கு வசதி.

இந்தச் செயல்பாட்டை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ‘உங்கள் வீட்டுப் பொருள்களைப் பட்டியல் எழுதி வாருங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். கணக்குப் பாடத்துக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளையின் பட்டியலில் ஐந்து பொருள் இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் பட்டியலில் ஐம்பது இருக்கும். கரும்பலகையில் ஒரு கற்பனை வீட்டை வரைந்து, எல்லாரும் சேர்ந்து அதற்குச் சாமான் வாங்கிப் போடுங்கள். அதுபோலவே, பாலிசி எடுக்காதவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்ற தொனி வகுப்பில் வந்துவிடக் கூடாது. நம் மாணவர் பலரின் வீட்டில் பிரீமியம் கட்டுவதற்கு முன்னால் கட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. நிவாரணத் தொகையைக் குறைத்துப் பேசவும் கூடாது. அது பசியாற்ற வந்த பணம், இழந்ததை ஈடுகட்ட வந்தது இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை என்பதை மட்டும் விளக்கினால் போதும். வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இரண்டாம் சுற்றில் பகடை விழும் நேரத்தில் சிலர் முகம் மாறும். சற்று நிறுத்தி, பேச விரும்புபவரைப் பேசவிட்டுப் பிறகு தொடருங்கள். சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மைப் பாடம் நடத்துபவரோடு சேர்ந்து நடத்தினால் இன்னும் நன்று. எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்கிறோம்.

மதிப்பீட்டுக்காக நான் கொடுத்த கணக்குகளில் மூன்றை இங்கே தருகிறேன். எண்கள் வகுப்புக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

800 சதுர அடி வீட்டுக்குக் கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் எனில், கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை என்ன? வீட்டுப் பொருளுக்குத் தானாகச் சேரும் தொகை எவ்வளவு? கட்டுமானச் செலவு 60 இலட்சம் ஆகும் பெரிய வீட்டுக்கு இதே 20% விதியால் கிடைப்பது எவ்வளவு, ஏன்? (விடை: 16 இலட்சம், 3.2 இலட்சம், 20% என்பது 12 இலட்சம் ஆனாலும் உச்சவரம்பால் 10 இலட்சம்.)

ஆண்டுக்கு 2% வாய்ப்புள்ள வெள்ளம், ஐந்தாண்டு வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை ஒருமுறையாவது தொட வாய்ப்பு எவ்வளவு? (0.98-ஐ ஐந்து முறை பெருக்கி 1-லிருந்து கழிக்க, சுமார் 9.6% கிடைக்கும். 1% வெள்ளம் பத்தாண்டில் வருவதற்கான விடையும் ஏறக்குறைய இதுவாகவே இருப்பது ஏன் என்று கேட்டால் வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.)

மூன்றாவது கணக்குக்கு ஒரே விடை இல்லை. 36 ஊர்கள் சேர்ந்த பானையில், ஆற்றங்கரையில் உள்ள ஆறு ஊர்களுக்கு மட்டும் வாய்ப்பு 1/36-க்குப் பதில் 1/12 என்று தெரியவருகிறது. அந்த ஊர்க்காரர்கள் மூன்று கொட்டை போட வேண்டுமா, அல்லது எல்லாரும் சமமாகப் போட வேண்டுமா? சமமாகப் போட்டால் ஆளுக்கு எத்தனை கொட்டை? அப்போது மேட்டில் இருக்கும் முப்பது ஊர்கள் பானையில் தொடருமா? இந்தக் கணக்கில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வராண்டாவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தது.